ஜிசிசி ஒன்றுமே சொல்லாமல் திரும்பிவிட்டது, ஏ.அவுட் என்று அடித்தால் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்". என் முதல் ப்ரோகிராம் எங்கே போனது?

கேள்வி: தறிவீடு

எல்லோருக்கும் வணக்கம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், மொபைலில் தமிழ் கீபோர்டில் எழுதுவதால் கமாண்டுகளையும் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன். லேப்டாப்பில் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் அடித்தேன்.

குமாரபாளையம் பக்கம் எங்கள் வீடு, விசைத்தறி ஓடும் வீடு. பிசிஏ முடித்து ஒன்பது வருடம் ஆகிறது. கல்யாணம், குழந்தை, அப்பாவின் தறிக் கணக்கு என்று போனதில் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. இப்போது மகள் ஒன்றாம் வகுப்பு போகிறாள், மத்தியானம் இரண்டு மணி நேரம் எனக்கென்று கிடைக்கிறது, விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்று பார்க்கிறேன். பிளஸ் டூவில் தம்பிக்கு அரசு கொடுத்த லேப்டாப் பரணில் கிடந்தது, அதில் லுபுண்டு என்ற லினக்ஸ் போட்டு, சி ப்ரோகிராமை ஓடும் ஃபைலாக மாற்றித் தரும் ஜிசிசி என்ற கம்பைலரையும் இன்ஸ்டால் செய்து கொடுத்துவிட்டு அவன் பெங்களூர் போய்விட்டான். போனில் கேட்டால் ஷிஃப்டில் இருப்பான்.

கல்லூரி ரெக்கார்டு நோட்டில் முதல் பக்கத்தில் இருந்ததை அப்படியே அடித்தேன்.

#இன்க்ளூட் <எஸ்டிடிஐஓ.எச்>
#இன்க்ளூட் <கோனியோ.எச்>
வாய்டு மெயின்()
{
  சிஎல்ஆர்எஸ்சிஆர்();
  பிரிண்ட்எஃப்("வணக்கம்");
  கெட்ச்();
}

முதலில் கோனியோ.எச் என்ற ஃபைலே இல்லை என்றது. அந்த வரியை எடுத்தேன். அப்புறம் சிஎல்ஆர்எஸ்சிஆர், கெட்ச் இரண்டையும் யார் என்றே தெரியாது என்கிற மாதிரி பிழை வந்தது, அதையும் எடுத்தேன். மறுபடி "ஜிசிசி முதல்.சி" என்று அடித்து என்டர் தட்டினால் ஒன்றுமே வரவில்லை, சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை, அடுத்த வரியில் டாலர் குறி வந்து நிற்கிறது. எங்கள் வீட்டில் தறி ஓடினால்தான் சத்தம், சத்தம் நின்றால் நூல் அறுந்துவிட்டது என்று எழுந்து ஓடுவோம். அந்தப் பழக்கத்தில் ஏதோ நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

நோட்டில் எழுதியிருந்தபடி ஏ.அவுட் என்று அடித்தேன், "கமாண்ட் நாட் ஃபவுண்ட்". தம்பி ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்து "ஜிசிசி -ஓ டெஸ்ட் முதல்.சி" என்று வேறு பெயர் கொடுத்து, டெஸ்ட் என்று அடித்தால் அதுவும் ஒன்றும் சொல்லவில்லை. பிழையும் இல்லை, வணக்கமும் இல்லை. மூன்று நாளாக இதே இடத்தில் நிற்கிறேன். நான் எழுதியது தப்பா, லேப்டாப்பில் கோளாறா, யாராவது சொல்லுங்கள்.

பதில்: லேப்_உதவியாளர்

அம்மணி, நானும் ஈரோட்டுப் பக்கம்தான், இருபது வருடத்துக்கு மேல் கம்ப்யூட்டர் லேபில் இருந்தவன். நீங்கள் எழுதியதிலும் தப்பில்லை, லேப்டாப்பிலும் கோளாறில்லை. உங்கள் ப்ரோகிராம் நீங்கள் நிற்கிற ஃபோல்டரிலேயே முழுசாக இருக்கிறது, அதைக் கூப்பிடும் விதம்தான் மாற வேண்டும். எல்எஸ் என்று அடித்துப் பாருங்கள். முதல்.சி, ஏ.அவுட், டெஸ்ட் மூன்றும் வரிசையாகத் தெரியும்.

இப்போது இப்படி அடியுங்கள். முதலில் ஒரு புள்ளி, இடைவெளி விடாமல் ஒரு சாய்கோடு, அப்புறம் பெயர்:

./ஏ.அவுட்

வணக்கம் வரும். வந்த கையோடு டாலர் குறி வரியும் அதன் வாலில் ஒட்டிக்கொண்டு வரும், பயப்பட வேண்டாம். பிரிண்ட்எஃப் தானாக அடுத்த வரிக்குப் போகாது. வணக்கம் என்பதற்குப் பின்னால், மேற்கோள் குறிக்கு உள்ளேயே, பின்சாய்கோடும் சிறிய என் எழுத்தும் போட்டால் பிரிந்துவிடும்.

ஏன் அந்தப் புள்ளியும் கோடும் என்றால், நீங்கள் ஒரு பெயரை அடித்ததும் ஷெல், அதாவது நீங்கள் அடிக்கும் கமாண்டைப் படித்து ஓட்டும் ப்ரோகிராம், அதை எல்லா இடத்திலும் தேடாது. பாத் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, "எக்கோ $பாத்" என்று அடித்தால் (பாத் மட்டும் பெரிய எழுத்தில்) அந்தப் பட்டியல் முக்காற்புள்ளிகளால் பிரிந்து வந்து விழும். அதில் உள்ள ஃபோல்டர்களில் மட்டும்தான் வரிசையாகப் பார்க்கும். நீங்கள் நிற்கிற ஃபோல்டர் அந்தப் பட்டியலில் கிடையாது. பெயரில் ஒரு சாய்கோடு இருந்துவிட்டால் தேடும் வேலையே இல்லை, இதோ இந்த வழியில் இருக்கிறது என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். புள்ளி என்றால் நான் இருக்கும் இந்த ஃபோல்டர். அவ்வளவுதான்.

ரெக்கார்டு நோட்டில் வெறும் ஏ.அவுட் என்று இருப்பதும் பொய்யில்லை, பழசு. பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் 1978-இல் எழுதிய சி புத்தகத்திலேயே ஏ.அவுட் என்று மட்டும் அடிக்கச் சொல்லியிருப்பார்கள், அந்தக் கால யூனிக்ஸில் நிற்கிற ஃபோல்டரையும் தேடும், அதனால் ஓடியது. நம் கல்லூரி லேப்களில் இருந்த டாஸ், விண்டோஸுக்கு முந்தைய சிஸ்டம், எப்போதும் நிற்கிற ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்கும். அந்த ஏ.அவுட் என்ற பெயரும் அவர்கள் காலத்து மிச்சம்தான், அசெம்பிளர் அவுட்புட் என்பதன் சுருக்கம். உள்ளே இருக்கும் ஃபைலின் அமைப்பு எப்போதோ மாறிவிட்டது, பெயரை யாரும் மாற்றவில்லை.

டெஸ்ட் விஷயம்தான் உங்களை மூன்று நாள் உட்கார வைத்திருக்கிறது. டெஸ்ட் என்ற பெயரில் ஷெல்லுக்குள்ளேயே ஏற்கெனவே ஒரு கமாண்ட் உண்டு. இந்த ஃபைல் இருக்கிறதா, இந்த எண் பெரியதா என்று சோதித்து ஆம், இல்லை என்று உள்ளுக்குள் பதில் வைத்துக்கொள்ளும், திரையில் எதுவும் காட்டாது. நீங்கள் டெஸ்ட் என்று அடித்தபோது ஓடியது அது, உங்களுடையது இல்லை. "டைப் டெஸ்ட்" என்று அடித்தால் இது ஷெல்லின் சொந்தக் கமாண்ட் என்று அதுவே ஒப்புக்கொள்ளும். என் லேபில் வருடத்துக்கு ஐந்தாறு பிள்ளைகளாவது முதல் ப்ரோகிராமுக்கு டெஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டு, ப்ரோகிராமைத்தான் திருத்தித் திருத்திப் பார்ப்பார்கள். ./டெஸ்ட் என்று அடித்தால் உங்களுடையதும் ஓடும், ஆனாலும் வேறு பெயர் வைத்துவிடுங்கள்.

கோனியோ.எச் பற்றி ஒரு வார்த்தை. அது சி மொழியின் பாகமே இல்லை, டாஸுக்கென்று வந்த டர்போ சி மாதிரியான கம்பைலர்கள் கொடுத்த கூடுதல் வசதி. அந்த நீலத் திரையில் கண்ட்ரோல் எஃப்9 தட்டினால் ப்ரோகிராம் ஓடி முடிந்து நொடியில் மறுபடி நீலத் திரை வந்து மூடிவிடும், விடை பார்க்க ஆல்ட் எஃப்5 தட்ட வேண்டும், அதற்காகத்தான் கடைசியில் ஒரு கெட்ச் வைத்து நிறுத்தினோம். இப்போது நீங்கள் கமாண்ட் அடிக்கும் டெர்மினலில் விடை அங்கேயே நிற்கும், நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. நீங்களாகவே அதை எடுத்தது சரியான முடிவு. அப்படியே வாய்டு மெயின் என்பதை இன்ட் மெயின்(வாய்டு) என்று மாற்றி, கடைசியில் ரிட்டர்ன் 0; போட்டுவிடுங்கள். ஜிசிசி சும்மா விட்டுவிட்டது, ஆனால் "ஜிசிசி -டபிள்யூஆல் முதல்.சி" என்று, டபிள்யூவைப் பெரிய எழுத்தில் போட்டு, கம்பைல் செய்தால் மெயின் இன்ட்டாக இல்லையே என்று எச்சரிக்கும். அந்த -டபிள்யூஆலை இன்றே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள் அம்மணி, விடவே விடாதீர்கள்.

அமைதி பற்றிச் சொன்னீர்களே, இங்கே அது தலைகீழ். கம்பைலர் ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று அர்த்தம், சத்தம் போட்டால்தான் நூல் அறுந்திருக்கிறது.

பதில்: பைத்தான்_மதுரை

இவ்வளவு சுற்று எதற்கு? பாத்திலேயே புள்ளியைச் சேர்த்துவிட்டால் ./ அடிக்கும் வேலையே இல்லை. "எக்ஸ்போர்ட் பாத்=$பாத்:." என்று ஒரு வரி, ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி ஃபைலில் எழுதிவிடுங்கள், முடிந்தது.

அதைவிட நல்லது, சி-யை விட்டுவிட்டுப் பைத்தானில் தொடங்குங்கள். லுபுண்டுவில் பைத்தான்3 ஏற்கெனவே இருக்கும். ஒரே வரியில் பிரிண்ட்("வணக்கம்") என்று எழுதிச் சேமித்து, "பைத்தான்3 முதல்.பிஒய்" என்று அடித்தால் போதும், கம்பைல் என்ற ஒரு படியே கிடையாது. ஒன்று மட்டும் கவனம், வெறும் பைத்தான்3 என்று அடித்து உள்ளே போய், மூன்று அம்புக்குறி வந்த இடத்தில் இந்த "பைத்தான்3 முதல்.பிஒய்" வரியை அடிக்கக் கூடாது, சின்டாக்ஸ் எரர் என்று சொல்லும். டாலர் குறி இருக்கும் இடத்தில்தான் அடிக்க வேண்டும். நான் தொடங்கிய வாரத்தில் இரண்டு நாள் அங்கேதான் சிக்கினேன்.

பதில்: சர்வர்_அக்கா

மதுரைத் தம்பி, பைத்தான் யோசனையைத் தப்பு சொல்ல மாட்டேன். பாத்தில் புள்ளி சேர்க்கும் யோசனையைத் தயவுசெய்து புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லாதே.

பல பேர் பயன்படுத்தும் ஒரு மெஷினில் யாராவது பொதுவான ஃபோல்டரில், டிஎம்பி என்று வைத்துக்கொள், எல்எஸ் என்ற பெயரில் தன்னுடைய ஃபைல் ஒன்றைப் போட்டுவைத்தால் என்ன ஆகும்? புள்ளி பட்டியலின் முதலில் இருந்தால், நீ அந்த ஃபோல்டருக்குள் போய் எல்எஸ் என்று அடித்த நிமிடத்தில் உன் அனுமதியோடு அவன் ப்ரோகிராம் ஓடும். நீ எழுதியதுபோல் கடைசியில் வைத்தால் எல்எஸ் தப்பித்தது, ஆனால் அவசரத்தில் எஸ்எல் என்று மாற்றி அடிப்போமே, அந்தப் பெயரில் ஒன்று வைத்திருந்தால்? நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு அலுவலகத்தில் இப்படி ஒரு சர்வரில் நடந்தது, வைத்தவர் விளையாட்டுக்குத்தான் வைத்திருந்தார், இன்னொருவர் எல்லா அனுமதியும் உள்ள ரூட்டாக உள்ளே போய் அடித்துவிட்டார். அன்று ராத்திரி பதினொன்றரை வரை உட்கார்ந்து பேக்கப்பிலிருந்து எடுத்தோம். அந்தப் புள்ளியை யூனிக்ஸ்காரர்கள் பட்டியலிலிருந்து எடுத்தது இதனால்தான். இரண்டு எழுத்து கூடுதலாக அடிப்பது பெரிய விலை இல்லை. அதுவும் ./ போட்டு முதல் எழுத்தை அடித்து டேப் கீயைத் தட்டினால் மீதியை ஷெல்லே நிரப்பிக்கொள்ளும்.

தறிவீட்டுத் தங்கச்சி, உங்களுக்கு இனி வரக்கூடிய இரண்டு விஷயத்தை இப்போதே சொல்லிவைக்கிறேன். ஃபைலைப் பென்டிரைவில் வைத்து அங்கிருந்தே ஓட்டாதீர்கள். ./ சரியாக அடித்தாலும் "பர்மிஷன் டினைடு" என்று வரலாம், காரணம் பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட் ஃபார்மேட்டில் இருக்கும், இந்த ஃபைலை ஓட்டலாம் என்ற குறியை எழுதிவைக்க அதில் இடமே கிடையாது. ஹோம் ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ இருந்து ப்ரோகிராமைக் காப்பி செய்து ஒட்டாதீர்கள். அங்கே மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கம்பைலர் ஸ்ட்ரே என்ற சொல்லோடு ஒரு பிழை சொல்லும். அந்தக் குறிகளை அழித்துவிட்டுக் கையால் அடித்தால் சரியாகிவிடும்.

தறிவீடு

அண்ணா, அக்கா, வந்துவிட்டது! ./ஏ.அவுட் அடித்ததும் வணக்கம் என்று வந்தது, அதன் வாலில் டாலர் குறியும் நீங்கள் சொன்னபடியே ஒட்டிக்கொண்டு வந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். தன் பெயரைப் போடச் சொன்னாள். மாற்றிச் சேமித்துவிட்டு ஓட்டினால் மறுபடியும் வணக்கம்தான் வந்தது, கொஞ்ச நேரம் முழித்தேன், அப்புறம்தான் மறுபடி கம்பைல் செய்யவில்லை என்று பிடிபட்டது. இனி மறக்க மாட்டேன்.

பைத்தான் யோசனைக்கு நன்றி மதுரை அண்ணா. கட்டாயம் பார்க்கிறேன், ஆனால் விட்ட இடம் சி என்பதால் அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

அந்த தைரியத்தில் அப்பாவின் வாரக் கூலிக் கணக்கைப் போட்டேன். உதாரணத்துக்கு 240 மீட்டர், மீட்டருக்கு 7 ரூபாய் 50 காசு. இன்ட் மீட்டர் = 240; இன்ட் கூலி = 7.50; என்று எழுதி இரண்டையும் பெருக்கினேன். -டபிள்யூஆல் போட்டும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் விடை 1680 என்று வருகிறது. அப்பா வாயாலேயே போட்டு 1800 என்றார். 120 ரூபாய் எங்கே போனது?

பதில்: லேப்_உதவியாளர்

அப்பா சொன்னதுதான் சரி. இன்ட் என்றால் முழு எண் மட்டும், 7.50 என்று கொடுத்தால் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு 7 என்று வைத்துக்கொள்ளும். கிட்டத்துக்கு முழுமையாக்குவதுகூட இல்லை, 7.99 கொடுத்தாலும் 7தான். மீட்டருக்கு ஐம்பது காசு, 240 மீட்டருக்கு அந்த 120 ரூபாய். -டபிள்யூஆல் எல்லாவற்றையும் சொல்லும் என்று பெயரைப் பார்த்து நம்பிவிடக் கூடாது, இந்த வெட்டை அது சொல்லாது. -டபிள்யூகன்வர்ஷன் என்று தனியாகச் சேர்த்தால் சொல்லும். நேற்று நான் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பதில்: சர்வர்_அக்கா

இன்ட்டுக்குப் பதில், புள்ளி வைத்த எண்களுக்கான டபுள் என்று போட்டால் 1800 வந்துவிடும், பலரும் அதைத்தான் சொல்வார்கள். பணம் என்பதால் நான் வேறு மாதிரி சொல்கிறேன். கம்ப்யூட்டர் பின்னங்களை இரண்டின் அடுக்குகளாகத்தான் வைத்துக்கொள்கிறது. 7.50 அதில் கச்சிதமாக அடங்கும், 7.10 அடங்காது, மிக நுண்ணிய அளவில் கூடவோ குறையவோதான் இருக்கும். ஒரு வாரக் கணக்கில் தெரியாது, வருடக் கணக்குக் கூட்டும்போது ஒரு காசு இடிக்கும், அந்த ஒரு காசைத் தேடி நீங்கள் அரை நாள் உட்காருவீர்கள்.

அதனால் எல்லாவற்றையும் காசாகவே வைத்துக்கொள்ளுங்கள். கூலி 750 காசு, மீட்டர் 240, பெருக்கினால் 180000 காசு, எல்லாம் முழு எண்தான். காட்டும்போது மட்டும் ரூபாய்க்கு 100-ஆல் வகுத்ததையும், காசுக்கு 100-ஆல் வகுத்த மீதியையும், அதாவது % 100 போட்டதையும், தனித்தனியாகப் பிரிண்ட்எஃப்பில் கொடுங்கள். ரூபாய் இருக்கும் இடத்தில் %டி, காசு இருக்கும் இடத்தில் %02டி. அந்த 02 இல்லாமல் விட்டால் 1694 ரூபாய் 5 காசு என்பது 1694.5 என்று தெரியும், படிக்கிறவர் ஐம்பது காசு என்றுதான் நினைப்பார்.

தறிவீடு

அக்கா, சரியாக வந்துவிட்டது, 1800.00. கூலியை 715 காசு, மீட்டரை 237 என்று மாற்றியும் பார்த்தேன், 1694.55 வந்தது, பேப்பரில் பெருக்கிப் பார்த்ததும் அதேதான். மொபைலில் தம்பியைப் பிடித்து லேப்டாப்பிலும் தமிழ் கீபோர்டு வைத்துக்கொண்டேன். ஓடும் ஃபைலுக்குத் தமிழிலேயே கூலி என்று பெயர் வைத்து ./கூலி என்று அடித்தேன், ஓடுகிறது! இது ஓடும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. திரையில் கூலி என்ற சொல் மட்டும் கொஞ்சம் எழுத்து தள்ளித் தள்ளித் தெரிகிறது.

வாரா வாரம் வரும் விடையை ஒரு ஃபைலில் சேர்த்துக்கொண்டே போக முடியுமா? இப்போது நோட்டில் கையால் எழுதி வைக்கிறேன்.

பதில்: லேப்_உதவியாளர்

எழுத்து தள்ளித் தெரிவது டெர்மினல் காட்டும் விதத்தில் உள்ள குறை, ஃபைலில் பெயர் சரியாகத்தான் இருக்கும். லினக்ஸுக்குப் பெயர் எந்த மொழியில் இருந்தாலும் ஒன்றுதான்.

கணக்கைச் சேர்க்க ப்ரோகிராமில் கையே வைக்க வேண்டாம் அம்மணி. இப்படி அடியுங்கள்:

./கூலி >> கணக்கு

திரையில் வர வேண்டியது கணக்கு என்ற ஃபைலின் கடைசியில் போய்ச் சேரும், ஃபைல் இல்லாவிட்டால் அதுவே உருவாக்கிக்கொள்ளும். திரையில் ஒன்றும் தெரியாது, "கேட் கணக்கு" என்று அடித்தால் இதுவரை சேர்ந்த வாரங்கள் எல்லாம் வரிசையாக வரும். அம்புக்குறி இரண்டு இருக்கிறதா என்று என்டர் தட்டும் முன் ஒருமுறை பாருங்கள். ஒன்று மட்டும் போட்டால் பழைய கணக்கு முழுவதையும் அழித்துவிட்டு இந்த வாரத்தை மட்டும் எழுதும், கேட்கவும் கேட்காது. இரண்டு மாதம் ஒழுங்காக ஓடும்வரை அந்த நோட்டிலும் எழுதிக்கொண்டே வாருங்கள்.